எள்ளலும் வெகுளியும்: புனே சார்ந்த ஒடுக்கப்பட்டோர் கலைமரபில் சமூக விமர்சனமும் மகிழ்வூட்டலும்

முன்னுரை

நாகராஜ் மஞ்சுளே இயக்கிய 'ஃபன்ட்ரி' (2013) என்னும் மராத்தித் திரைப்படத்தின் பெயர் மராத்திச் சொல் அன்று. மகாராட்டிரத்தில் பன்றி வளர்த்தல், கூடை முடைதல் ஆகிய தொழில்களோடு பிணைக்கப்பட்ட கைகாடி மக்களின் வீட்டு மொழிச் சொல் அது. கைகாடி, தமிழோடு நெருங்கிய உறவுடைய திராவிட மொழி. எருகலா, குறவர் பேச்சு ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது. எனவே, 'ஃபன்ட்ரி' என்பதன் பொருளைத் தமிழ் அறிந்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அது பன்றியே. வீட்டில் இயல்பாக வழங்கும் இச்சொல் ஊருக்குள் வந்ததும் வசைச்சொல்லாகிறது. பள்ளிச் சிறுவர்கள் சொல்லிச் சிரிக்கும் சொல்லாகிறது. ஒரு சமூகத்தின் தாய்மொழியே மற்றொரு சமூகத்தின் நகைப்புக்கு உரிய பொருளாகிவிடும் நிலையை இப்படத்தின் தலைப்பே உணர்த்திவிடுகிறது.

ஒடுக்கப்பட்டோர் படைப்புகளை மதிப்பிடும் திறனாய்வில் பெருவழக்காக உள்ள ஓர் அளவுகோல் உண்டு. சமூக விமர்சனமும் மகிழ்வூட்டலும் ஒரு தராசின் இரு தட்டுகள். ஒன்று தாழ மற்றொன்று உயரும். இரண்டையும் நிகர்செய்பவனே சிறந்த கலைஞன் என்பது அது. பிரச்சாரம் இல்லை என்று ஒரு படைப்பைப் பாராட்டுவதும், கேளிக்கையில் கருத்து கரைந்துவிட்டது என்று மற்றொன்றைக் குறைகூறுவதும் இவ்வளவுகோலின் இரு விளைவுகள். இக்கட்டுரை அவ்வளவுகோலின் பொருத்தத்தைப் புனே நகரையும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் சார்ந்த கலைமரபை முன்வைத்து ஆராய்கிறது. பிறரை மகிழ்வித்தலே ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட தொழிலாக இருந்த இடத்தில் மகிழ்வூட்டல் விமர்சனத்தின் மேற்பூச்சாக நிற்பதில்லை. அதுவே விமர்சனத்திற்கு உரிய பொருளாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆய்வுக் களமும் ஒப்பீட்டு அடிப்படையும்

இம்மரபை அமெரிக்கக் கறுப்பினக் கதைமரபோடு ஒப்பிடுதல் வலிந்து கொள்ளும் ஒப்பீடு அன்று. புனேயில் வாழ்ந்த ஜோதிராவ் புலே (1827–1890) தமது 'குலாம்கிரி' (1873) நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம், கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரைத் தழுவிக்கொண்டது. அவ்வியக்கத்தின் நிறுவனருள் ஒருவரான கவிஞர் நாம்தேவ் தசாள் (1949–2014) புனே மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இரு மரபினரும் ஒருவரையொருவர் அறிந்தே வளர்ந்துள்ளனர் என்பதற்கு இவை சான்றுகள்.

பகுப்பாய்வுக் கருவியாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொள்ளப்படுகிறது. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைக்கிறார். அவ்வெள்ளலைத் தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருவகையாகப் பேராசிரியர் விரிப்பார். நகைக்குத் திசை உண்டு என்னும் இவ்வுரைக்குறிப்பு இவ்வாய்வுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

தராசு என்னும் உவமையின் குறை

கறுப்பின இலக்கியத்தில் இச்சிக்கல் நூறாண்டுப் பழைமையுடையது. டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் 1926இல் கலை அனைத்தும் பிரச்சாரமே என்றும், அவ்வாறு இருத்தலே தகும் என்றும் வாதிட்டார். பிரச்சாரம், ஒடுக்குவோனையே முன்னிறுத்திப் பேசுவதால் தாழ்வுணர்வை நிலைக்கச் செய்யும் என ஆலன் லாக் 1928இல் மறுத்தார். 1937இல் சோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய நாவலை மதிப்பிட்ட ரிச்சர்டு ரைட், அது வெள்ளையரைச் சிரிக்கவைக்கும் பழைய மேடை மரபையே தொடர்கிறது எனக் கண்டித்தார். ஹர்ஸ்டனோ, நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தொகுத்தவர். கறுப்பின மக்கள் தமக்குள் கதை சொல்லிச் சிரித்து மகிழும் திண்ணையையே அவர் தம் நாவலில் காட்டினார்.

ரைட்டின் சினத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1830களிலிருந்து அமெரிக்காவில் பெருகிய 'மின்ஸ்ட்ரல்' ஆட்டங்களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போலப் பாடி ஆடினர். பின்னாளில் கறுப்பினக் கலைஞர்களும் மேடையேறுவதற்காக அதே கரியைப் பூசிக்கொள்ள நேர்ந்தது. அங்கே நகைப்பு, எள்ளப்படுவோனிடமிருந்தே வாங்கப்பட்ட ஊழியம். ஆகவே ரைட் ஹர்ஸ்டனின் நகையைக் கண்டவுடன் அந்த ஊழியத்தையே நினைவுகூர்ந்தார். ஆனால் அவர் கேட்கத் தவறிய வினா ஒன்று உண்டு. ஹர்ஸ்டனின் திண்ணையில் சிரிப்பவர் யார், யாரை நோக்கிச் சிரிக்கின்றனர் என்பதே அது. நகையின் அளவை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசு, அதன் திசையைக் காட்டுவதில்லை. அதுவே அவ்வுவமையின் அடிப்படைக் குறை எனலாம்.

தமாஷா: சாதி விதித்த மகிழ்வூட்டல்

மராத்தி மண்ணில் மின்ஸ்ட்ரல் மேடையோடு ஒப்பிடத்தக்க வரலாறு தமாஷாவுக்கு உண்டு. பேசுவாக்களின் ஆட்சி 1818இல் முடிவுறும் வரை லாவணிப் பாடல்களைப் போற்றி வளர்த்த நகரங்களுள் புனே முதன்மையானது. ராம் ஜோஷி, ஹோனாஜி பாளா முதலிய புலவர்கள் அக்காலத்தவர். பாடல் இயற்றியோருள் பிராமணரும் இருந்தனர். ஆயின் ஆடும் உடலோ பெரும்பாலும் மகார், மாங், கோல்ஹாட்டி முதலிய சாதிகளுக்கு உரியதாயிற்று. தமாஷாவின் அமைப்பு வரையறுத்தது. 'கண' எனப்படும் விநாயகர் வணக்கம், கண்ணனும் ஆய்ச்சியரும் உரையாடும் 'கவ்ளண்', நகைப்பேச்சாகிய 'பதாவணி', சிருங்காரச் சுவை மிகுந்த லாவணி, கதைநாடகமாகிய 'வக்' என அது நிகழும். இடையிடையே 'சொங்காட்யா' என்னும் கோமாளி புகுந்து எவரையும் கேலி பேசுவான். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை அவனோடு ஒப்பிடலாம்.

இம்மேடையில் கேளிக்கையும் சாதியும் எத்துணை இறுகப் பிணைந்திருந்தன என்பதை ஒரு நிகழ்ச்சி விளக்கும். பிராமணக் குடியிற் பிறந்து தமாஷாவில் புகழ்பெற்றவர் பட்டே பாபுராவ் (1866–1945). அவருடைய குழுவில் ஆடிய பவளா மகார் சாதிப் பெண். ஆட்ட வருவாயில் ஒரு பகுதியை மகாட் போராட்டத்திற்கு நன்கொடையாக அளிக்கப் பாபுராவ் முன்வந்தபோது, மகார் பெண்ணை ஆடவைத்து ஈட்டிய பணம் வேண்டா என அம்பேத்கர் மறுத்துவிட்டார் என்பது தமாஷா வரலாறு எழுதுவோர் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. புனே ஏரவாடாவில் வளர்ந்த வரலாற்றறிஞர் ஷைலஜா பைக், 2022இல் வெளிவந்த தம் நூலில் இத்தமாஷா பெண்களின் வாழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆபாசம் என்னும் பழி எவ்வாறு ஒரு சாதியின் உடல்மீது ஏற்றப்பட்டது என்பது அவர் எழுப்பும் வினா.

அம்பேத்கரின் மறுப்பைக் கலைக்கு எதிரான மறுப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏனெனில் அதே காலத்தில் அவர் இயக்கத்தின் கருத்துகளைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றவை பீம்ராவ் கர்டக் முதலியோரின் ஜல்சா குழுக்களே. அவர் மறுத்தது மகிழ்வூட்டலை அன்று, மகிழ்வூட்டும் ஊழியத்தை.

புலேயின் விதூஷகனும் ஜல்சா மேடையும்

இவ்வேறுபாட்டை முதலில் நாடகமாக்கிக் காட்டியவர் புலே. 1855இல் அவர் எழுதிய 'திருதிய ரத்ன' நாடகத்தில், கருவுற்ற உழவர்குடிப் பெண்ணையும் அவள் கணவனையும் கோள்தோஷம் காட்டி அச்சுறுத்திப் புரோகிதன் ஒருவன் பொருள் பறிக்கிறான். கிறித்தவப் பாதிரியார் ஒருவர் இடைப்புகுந்து உரையாடுகிறார். இறுதியில் அக்கணவனும் மனைவியும் புலேயின் இரவுப்பள்ளிக்குச் செல்ல முடிவு செய்கின்றனர். இந்நாடகம் தட்சிணைப் பரிசுக் குழுவிடம் அளிக்கப்பட்டு ஏற்கப்படாது போயிற்று. அச்சில் முழுமையாக வெளிவந்தது 1979இல்தான்.

நாடகத்தின் உயிர்நிலை விதூஷகன். வடமொழி நாடகங்களில் விதூஷகன் அரசனுக்குத் துணைநின்று தன்னையே தாழ்த்திக்கொண்டு நகை விளைப்பவன், பிறப்பால் பிராமணன். புலேயின் விதூஷகனோ புரோகிதனின் ஒவ்வொரு சூழ்ச்சியையும் அவையோர்க்கு எடுத்துரைத்து நகைக்கிறான். பேராசிரியர் கூறும் இருவகை எள்ளலுள் இரண்டாவது முதலாவதாக இங்கே மாறுகிறது. எள்ளப்பட்டவன் எள்ளுவோனாகிறான். நாடகத்தின் சமூக விமர்சனம் பாதிரியாரின் அறிவுரையில் இருப்பதைக் காட்டிலும் விதூஷகனின் நகைப்பிலேயே மிகுதியாக உள்ளது. பாதிரியாரின் பேச்சை நீக்கினும் நாடகம் நிற்கும். விதூஷகனை நீக்கின் நில்லாது.

1873 செப்டம்பர் 24 அன்று புனேயில் புலே நிறுவிய சத்யசோதக் சமாஜம், பின்னர்த் தன் கருத்துகளைப் பரப்ப ஜல்சா என்னும் மேடை வடிவத்தைக் கைக்கொண்டது. தமாஷாவின் உறுப்புகளே இதற்கும் உறுப்புகள். ஆயினும் ஒவ்வொன்றும் பொருள் மாற்றப்பட்டது. விநாயகர் வணக்கம் மக்கட் கணத்தின் தலைவனை வாழ்த்தும் பாடலாகியது. ஆய்ச்சியர் பகுதி நீக்கப்பட்டது அல்லது திருத்தப்பட்டது. வட்டிக்கடைக்காரனும் புரோகிதனும் நகைப்பேச்சின் இலக்காயினர். பழகிய வடிவத்தை எதிர்பார்த்து வந்த அவையோர் அவ்வடிவம் தம் கண்முன்னே திருத்தப்படுவதைக் கண்டு மகிழ்ந்தனர். திருத்தமே இங்குக் கேளிக்கை, திருத்தமே விமர்சனம்.

அண்ணாபாவ் சாட்டே: பிரிவும் நிலமும்

மாங் சாதியில், இன்றைய சாங்லி மாவட்டத்து வாடேகாவில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே (1920–1969) இம்மரபைப் பொதுவுடைமை இயக்கத்தோடு இணைத்தவர். மும்பைக்குச் சென்று ஆலைத் தொழிலாளரிடையே வாழ்ந்த அவர், 1944இல் அமர் சேக், த.ந. கவாண்கர் ஆகியோருடன் 'லால் பாவ்டா' கலைக்குழுவை நிறுவினார். 'ஃபகீரா' (1959) நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். தமாஷா என்னும் பெயரை விடுத்து 'லோகநாட்டியம்' என்று தம் ஆட்டத்திற்குப் பெயரிட்ட அவர், விநாயகர் வணக்கம் இருந்த இடத்தில் தாய்மண்ணுக்கும் உழைப்பாளிகளுக்கும் வணக்கம் வைத்தார்.

ஐக்கிய மகாராட்டிரப் போராட்டக் காலத்தில் அவர் இயற்றிய 'என் மைனா ஊரிலேயே தங்கிவிட்டாள்' என்னும் பொருளுடைய பாடல் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த ஒருவன் ஊரில் விட்டுவந்த மனைவியை எண்ணிப் பாடுகிறான். அவளது அழகும் பிரியும்போது அவள் பட்ட துயரும் லாவணி மரபுக்குரிய முறையில் வருணிக்கப்படுகின்றன. பின்னர்ப் பாடல் திரும்புகிறது. மராத்தி மாநிலத்தில் சேராமல் போகும் பெல்காம், கார்வார், நிபாணிப் பகுதிகளே பிரிந்த மைனாவாகின்றன.

அகத்திணை பயின்ற தமிழறிஞர்க்கு இது பொருள்வயிற் பிரிவு என்பது உடனே விளங்கும். ஆயினும் பிரிந்தோன் தலைமகன் அல்லன், ஆலைத்தொழிலாளி. காமச்சுவையைக் காட்டி அவையை ஈர்த்துப் பின்னர் அரசியலைப் புகட்டும் உத்தி எனவும் இப்பாடலைக் கொள்ளுதல் கூடாது. வறுமையால் ஊரைவிட்டு வந்தவனுக்குப் பிரிவுத் துயரே அரசியல். மனைவியைப் பிரியவைத்த அதே வாழ்நிலைதான் அவனை நிலம்பற்றிப் பேசவைக்கிறது. இரு தட்டுகள் எனப் பிரிக்க இங்கு இடமில்லை.

இதனோடு வைத்து நோக்கத்தக்கது விஜய் தெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்'. 1972 டிசம்பரில் புனேயில் ஜப்பார் பட்டேல் இயக்கத்தில் அரங்கேறிய இந்நாடகம், நானா பட்ணவிஸ் காலத்துப் புனேயைக் காட்டி அதிகாரத்தின் இயல்பை உரித்துக் காட்டியது. நாட்டார் ஆட்டக்கூறுகளும் லாவணியும் கீர்த்தனமும் அதில் உயர்ந்த கலைநயத்தோடு ஆளப்பட்டன. எதிர்ப்புகளையும் கடந்து அது இந்திய நாடக வரலாற்றில் நிலைபெற்றது. எனினும் அங்கே நாட்டார் வடிவம் நகர்ப்புற நாடகக்காரரின் தெரிவு. சாட்டேக்கோ அது பிறப்போடு வந்த வழக்கு. அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை, திருத்தினார். ஒரே வடிவம் இருவேறு கைகளில் இருவேறு பொருள் தருதலைத் திறனாய்வு வேறுபடுத்திக் காண வேண்டும்.

திரையில் தமாஷா

அனந்த் மானே இயக்கிய 'சாங்க்த்யே ஐகா' (1959) என்னும் திரைப்படம் புனேயின் விஜயானந்த் திரையரங்கில் ஈராண்டுகளுக்கு மேல் ஓடியது. ஊர்த்தலைவனால் தன் தாய்க்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தமாஷா ஆடும் மகள், மேடையிலேயே கதையாகச் சொல்லி வெளிப்படுத்துகிறாள். 'சொல்கிறேன், கேளுங்கள்' என்பது தலைப்பின் பொருள். கேளிக்கைக்காகக் கூடிய அவை, குற்ற விசாரணை அவையாகிறது. ஆட்டக்காரிக்கு ஊரில் பேச உரிமையுள்ள இடம் மேடை ஒன்றே ஆதலின், நீதி கேட்கும் இடமும் அதுவாயிற்று. வணிக வெற்றி பெற்ற தமாஷாப் படங்கள் பலவற்றிலும் இக்கூர்மை தொடரவில்லை என்பதும் உண்மை. எனினும், மகிழ்வூட்டலே குற்றச்சாட்டாக மாறக்கூடும் என்பதற்கு இப்படம் ஒரு சான்று.

'ஃபன்ட்ரி': நகை இளிவரலாதல்

சோலாப்பூர் மாவட்டத்து ஜேவூரில் பிறந்து, புனே பல்கலைக்கழகத்தில் மராத்தி இலக்கியத்தில் முதுகலை பயின்றவர் நாகராஜ் மஞ்சுளே. கவிஞரும் ஆவார். 'ஃபன்ட்ரி' அவருடைய முதல் முழுநீளப் படம். சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருதைப் பெற்றது.

கைகாடிச் சிறுவன் ஜப்யா உடன்பயிலும் ஷாலுவை விரும்புகிறான். கருங்குருவியைப் பிடித்து எரித்த சாம்பலைத் தூவினால் அவள் தன்னை விரும்புவாள் என நம்பி நண்பனுடன் கவண் ஏந்தி அலைகிறான். படத்தின் முற்பகுதியின் நகை, இளமையிலும் பேதைமையிலும் பிறப்பது. எள்ளல் அங்கே ஆங்காங்கு மட்டுமே தலைகாட்டுகிறது. காண்போர் ஜப்யாவோடு சேர்ந்து சிரிக்கின்றனர்.

இறுதிப்பகுதியில் பள்ளியை ஒட்டிய வெளியில் ஜப்யாவின் குடும்பம் பன்றி பிடிக்க நேர்கிறது. பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்க, ஓடிக்கொண்டிருந்த ஜப்யா அசையாமல் நிற்கிறான்; குடும்பத்தாரும் நிற்கின்றனர்; பன்றி ஓடிவிடுகிறது. திரையரங்கில் சிரிப்பு எழும் காட்சி இது. சிரித்து முடிப்பதற்குள் ஊர் கூடிவிடுகிறது. உடன்பயில்வோர் வேடிக்கை பார்க்கின்றனர், கைப்பேசியில் படம் எடுக்கின்றனர், ஷாலுவும் சிரிக்கிறாள். இப்போது திரைக்குள் ஓர் அவை, திரைக்கு வெளியே ஓர் அவை. இரண்டும் ஒரே காட்சியைக் கண்டு சிரித்துள்ளன. தம் சிரிப்பு யாருடைய சிரிப்போடு சேர்ந்துவிட்டது என்பதை வெளியவை உணரும் நொடியிலேயே நகை இளிவரலாகிறது. மூப்பு, வருத்தம், வறுமையைக் குறிக்கும் மென்மை என மெய்ப்பாட்டியல் கூறும் இளிவரலின் நிலைக்களன்களுள் இம்மூன்றும் பன்றியின் பின்னே ஓடும் தந்தை கச்ருவின் உருவில் ஒருங்கே நிற்கின்றன.

கட்டிய பன்றியைச் சுமந்து செல்லும் வழியில், பள்ளிச் சுவரில் வரையப்பட்ட அம்பேத்கர், சாவித்ரிபாய் புலே முதலியோரின் உருவங்கள் பின்னணியாகின்றன. எவரும் எதுவும் பேசுவதில்லை. எள்ளல் தொடரவே ஜப்யா கல்லெடுத்து எறிகிறான். கடைசிக் கல் காட்சிக்கருவியை நோக்கி, அதாவது காண்போரை நோக்கி வருகிறது. குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தலாகிய குடிகோள், வைதலும் அடித்தலுமாகிய அலை ஆகியன வெகுளியின் நிலைக்களன்கள் என்பர். நகை, இளிவரல், வெகுளி என்னும் இவ்வரிசையில் நகை ஒரு படியாக நிற்கிறது. முதலில் சிரிக்காத அவைக்கு இறுதிக் கல் படாது. ஆகவே இப்படத்தில் மகிழ்வூட்டலைக் குறைத்திருந்தால் விமர்சனமும் குறைந்திருக்கும்.

'சைராட்': உவகையும் ஓசையின்மையும்

2016 ஏப்ரலில் வெளிவந்த 'சைராட்' நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டிய மராத்திப் படம். அஜய்–அதுல் இசையமைத்த பாடல்களுக்குத் திரையரங்குகளில் மக்கள் எழுந்து ஆடினர். மராத்தா சாதிப் பெருங்குடியில் பிறந்த ஆர்ச்சியும், மீன்பிடிக்கும் குடும்பத்து ஒடுக்கப்பட்ட சாதி இளைஞன் பர்ஷ்யாவும் காதலித்து ஐதராபாத்துக்குத் தப்பிச் செல்கின்றனர். முற்பாதி முழுதும் புணர்வும் விளையாட்டும் நிலைக்களனாகப் பிறக்கும் உவகை. அதனூடே தலித் கவிதை கற்பிக்கும் ஆசிரியரை ஆர்ச்சியின் தமையன் வகுப்பறையிலேயே அறைவது போன்ற குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பாடலின் மயக்கத்தில் அவை எளிதில் மறக்கப்படுகின்றன.

இறுதியில் பிறந்தகத்தார் பரிசுப் பொருள்களுடன் வருகின்றனர். தேநீர் அளிக்கப்படுகிறது. பின்னர், அண்டை வீட்டிலிருந்து திரும்பும் குழந்தை பெற்றோரின் குருதியில் கால் நனைந்து, தெருவில் சுவடு பதித்து நடக்கிறது. இசை முற்றிலும் நின்றுவிடுகிறது. இரண்டரை மணி நேரம் பாடலில் திளைத்த செவிக்கு மட்டுமே அவ்வோசையின்மை முழுப்பொருள் தரும். கொலை என்னும் நிலைக்களனில் எழ வேண்டிய வெகுளி திரையில் எழுவதில்லை. அதனைக் காண்போரிடம் விட்டுவிடுகிறது படம்.

இதன் இந்தித் தழுவலான 'தடக்' (2018) ஒரு நல்ல சோதனைக் களமாக அமைகிறது. துள்ளலிசைப் பாடல் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது, சாதியோ மங்கலாக்கப்பட்டது. முடிவில் உயிரிழப்பு இருந்தும் அது தனிப்பட்ட துயரமாகச் சுருங்கியது. விமர்சனத்தை நீக்கிக் கேளிக்கையை மட்டும் பெயர்த்தெடுக்க முயன்றபோது கேளிக்கையின் தன்மையும் மாறிவிட்டது. இரண்டும் தனித்தனித் தட்டுகளில் வைக்கத்தக்க பொருள்கள் எனின் இவ்வாறு நிகழ்தற்கு இடமில்லை.

கறுப்பினத் திரைப்படங்களிலும் இதே போக்கைக் காணலாம். ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) அச்சச்சுவைப் படத்தின் வடிவத்திலேயே, கறுப்பின உடலை வியந்து போற்றிக் கைக்கொள்ளும் வெள்ளை விருப்பத்தைக் காட்டியது. ரயன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025) படத்தில் குருதி குடிக்கும் பேய்கள் விரும்புவது ஓர் இளைஞனின் இசையை. பாடலைக் கவர்ந்துகொண்டு பாடகனை அழிக்கும் வேட்கை, தமாஷாவை அறிந்த மராத்தி மண்ணுக்குப் புதியதன்று.

தமிழ்ச் சூழல்

தமிழ்த் திறனாய்வுக்கும் இம்முடிவு பொருந்துவது. பறையிசை, கரகம், கூத்து ஆகியவற்றை ஆடுவோர்க்கு அவை கலையாக மட்டுமன்றிச் சாதிக் கடமையாகவும் இருந்துள்ளன. கே.ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டார் பாடலைத் தலித் அரங்கின் குரலாக மாற்றியது ஜல்சா மரபோடு ஒப்பிடத்தக்கது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகனின் தந்தை பெண்வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். ஊரை மகிழ்வித்த அவ்வுடலே பின்னர் நடுத்தெருவில் ஆடை களையப்பட்டு விரட்டப்படுகிறது. ஆட்டத்தைக் கண்டு களித்த கண்களும் அவமானத்தை வேடிக்கை பார்த்த கண்களும் வேறல்ல என்பதை 'ஃபன்ட்ரி' போலவே இப்படமும் உணர்த்துகிறது.

எஞ்சும் சிக்கல்

இம்மரபின் வெற்றியைக் கூறும்போது அதன் விலையையும் கூற வேண்டும். புனே பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வை வளர்த்த சமூகவியலாளர் சர்மிளா ரேகே (1964–2013) லாவணி, பவாடா ஆகிய இரு வடிவங்களையும் சாதி, பாலினம் என்னும் இரு நோக்கிலும் ஆராய்ந்தவர். அவர் திறந்த வழியில் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஜல்சா மேடை கேளிக்கையைத் தூய்மை செய்தபோது லாவணிப் பெண்ணை மேடையிலிருந்தே விலக்கியது. ஊழியத்திலிருந்து அவள் விடுபட்டாள். பேசும் இடத்தையும் இழந்தாள். சாட்டேயின் பாடலில் மைனா ஊரிலேயே தங்கிவிட்டவள். அவள் குரல் கேட்பதில்லை. 'சைராட்'டில் இருசக்கர ஊர்தியும் டிராக்டரும் ஓட்டித் துணிவுடன் பேசும் பெண் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவள். பவளாவின் வழிவந்த பெண்ணொருத்தி நகைக்கவும் வெகுளவும் உரிமை பெற்று நடுநாயகமாக நிற்கும் படைப்பை ஆண்வழி வந்த இம்மரபு இன்னும் போதிய அளவு தரவில்லை. 'சாங்க்த்யே ஐகா' காட்டிய வழி தொடரப்படாமை இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளாவன:

1. சமூக விமர்சனத்தையும் மகிழ்வூட்டலையும் தராசின் இரு தட்டுகளாகக் கொள்ளும் அளவுகோல், மகிழ்வித்தலே தொழிலாக விதிக்கப்பட்ட மக்களின் கலைக்குப் பொருந்துவதில்லை.

2. புலேயின் விதூஷகன் முதல் மஞ்சுளேயின் ஜப்யா வரை இம்மரபு செய்தது நகையின் அளவைக் குறைத்தல் அன்று. அதன் திசையை மாற்றுதல்.

3. எள்ளலை இருவகையாகப் பகுத்த பேராசிரியர் உரை, இக்காலத் திரைப்படங்களின் அவைத்தொடர்பை விளக்கவும் பயன்படுகிறது. மெய்ப்பாட்டியலைச் சங்க இலக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

4. மேடையைத் திருத்திய இயக்கங்கள் ஆட்டக்காரியின் குரலுக்கு உரிய இடத்தை இன்னும் முழுமையாக மீட்டுத் தரவில்லை.

தமிழோடு உறவுடைய ஒரு மொழியின் சொல், மராத்தி ஊரொன்றில் வசையாகி, பின்னர் நாடறிந்த திரைப்படத்தின் பெயராயிற்று. வசைச் சொல்லை மறைக்காமல் தலைப்பாகவே உயர்த்தி நிறுத்தியதில் இம்மரபின் இயல்பு முழுதும் அடங்கியுள்ளது எனலாம். ஒடுக்கப்பட்டோர் படைப்பை மதிப்பிடுவோர், அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு கருத்து என்று அளப்பதை விடுத்து, யார் யாரைக் கண்டு சிரிக்கின்றனர் என்று வினவுதலே தக்கது.